தப்பு எழுதும் பலகை

லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலைக்கு முப்பத்தைந்து வருஷம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போன மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கிரீசும் கரியுமாகப் புழங்குகிற தொழில் அது. மற்ற மெக்கானிக்குகள் எல்லாம் கருநீலச் சட்டையில் போய், எந்த நிறம் என்று சொல்ல முடியாத சட்டையில் திரும்புவார்கள். இவர் மட்டும் காலையில் எப்படிப் போனாரோ அப்படியே சாயங்காலம் வந்து இறங்குவார். “வேலை தெரிஞ்சவன் மேல அழுக்குப் படாது” என்பது அவருடைய கட்சி. கம்பெனியில் அவர் சொந்தப் பெயரே பாதிப் பேருக்கு மறந்துபோய், ‘வெள்ளைச்சட்டை’ என்பதே பெயராகிவிட்டது.

வருகிற வெள்ளிக்கிழமை அவருக்கு ஓய்வு. அன்றைக்கு மேடையில் படிக்கப்போகிற தாளில், ‘ஒரு தப்புக்கூட இல்லாத முப்பத்தைந்து வருஷம்’ என்று ஒரு வரி இருப்பதாக, அதை டைப் அடித்தவரே வந்து காதில் போட்டுவிட்டுப் போனார். அதிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் படவில்லை. குளிக்கும்போது, சாப்பிடும்போது, பஸ்ஸில் தொங்கும்போது எல்லாம் அந்த வரியைத்தான் மனசுக்குள் படித்துக்கொண்டிருந்தார்.

ஒரு தப்புக்கூட இல்லை என்பது உண்மையில்லை. ஒரு தப்புக்கூட வெளியே வரவில்லை என்பதுதான் உண்மை. இப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். வரட்டும்.

ஆனால் அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்து மெக்கானிக்குகளுக்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. தப்பு நடந்தால் காதும் காதும் வைத்தாற்போல் சரி செய்துவிடு. யாராவது கேட்டால், ‘பார்ட்ஸ் மட்டம்’ என்று சொல். அதற்கும் மசியாவிட்டால், ‘கரன்ட் ஏறி இறங்குது’ என்று சொல். கரன்ட் வந்து மறுத்துப் பேசவா போகிறது? அந்தக் காலத்து அதிகாரிகளும் அப்படித்தான் இருந்தார்கள். தப்பைச் செய்தவன் தப்பித்துக்கொள்வான், தப்பைச் சொன்னவன்தான் வீட்டுக்குப் போவான். அதனால் நல்லவர்கள்கூட வாயைத் தைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள்.

இந்தச் சட்டத்தை உடைத்துப் போட்டது வேறு யாருமில்லை, அவர் பெற்ற மகள்தான்.

அவள் நாலு வருஷத்துக்கு முன்னால் டிப்ளமா முடித்துவிட்டு, அப்பா வேண்டாம் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டும் கேளாமல், அதே கம்பெனியில் சேர்ந்தாள். இப்போது புகார் மேசை அவள் பொறுப்பில் இருக்கிறது. ஊரில் எந்த லிஃப்ட் நின்றாலும் போன் அவளுக்குத்தான் வரும். எந்த மெக்கானிக் எங்கே போக வேண்டும் என்று அவள்தான் சொல்வாள். வந்த ஒரே வருஷத்தில் மேலாளரிடம் மல்லுக்கட்டி, தினமும் காலை எட்டரைக்குப் பத்து நிமிஷக் கூட்டம் ஒன்றை ஆரம்பித்துவிட்டாள். முந்தின நாள் யார் என்ன தப்புச் செய்தாரோ, அவரே எழுந்து நின்று சொல்ல வேண்டும். சுவரில் பெரிய வெள்ளைப் பலகை. அதில் ஐந்து கட்டம்: இடம், தேதி, நேரம், நடந்தது, காரணம். செய்தவர் பெயருக்கும் கட்டமில்லை, தண்டனைக்கும் கட்டமில்லை.

பழைய ஆட்கள் இதற்கு ஒப்பாரிக் கூட்டம் என்று பெயர் வைத்தார்கள். முக்கியமாக மீசைக்காரர். அவர் வெள்ளைச்சட்டையோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர், கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மீசைக்குள்ளேயே சிரிப்பவர். ஆறு மாசம் வரைக்கும் பழைய ஆட்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. சின்னப் பிள்ளைகள்தான் கூச்சமே இல்லாமல் எழுந்து, “நேத்து நான் போல்ட்டை முறுக்காம வந்துட்டேன்” என்று, ஏதோ படம் பார்த்துவிட்டு வந்த கதையைச் சொல்வதுபோல் சொன்னார்கள். அந்த ஆறு மாசத்தில் கம்பெனிக்கு வருகிற புகார் பாதியாகக் குறைந்தது. இது எப்படி என்று மேலாளருக்கே புரியவில்லை. ஒருவர் வழுக்கின இடம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் இன்னொருவர் அங்கே ஏன் வழுக்கப் போகிறார்? இவ்வளவுதான் விஷயம்.

மூன்று மாசத்துக்கு முன்னால் அவளே ஒரு நாள் பலகை முன்னால் நின்றாள்.

“நேத்து சாயங்காலம் தப்பு பண்ணது நான்தான்” என்றாள். “ஒரே மாதிரி பேர் உள்ள ரெண்டு கட்டடம். நான் அவசரத்துல ஆளை இன்னொரு கட்டடத்துக்கு அனுப்பிட்டேன். லிஃப்ட்டுக்குள்ள ஒருத்தர் நாப்பது நிமிஷம் மாட்டிக்கிட்டாரு. அதுல இன்னொண்ணும் சொல்லணும். தப்பா அனுப்பிட்டோம்னு தெரிஞ்சப்புறம், முதல் அஞ்சு நிமிஷம் நான் உள்ள இருந்தவரைப் பத்தி நினைக்கல. என்னைப் பத்திதான் நினைச்சேன். யாருக்குத் தெரியும், எப்படிச் சமாளிக்கலாம்னு. அந்த அஞ்சு நிமிஷத்தையும் எழுதிக்கோங்க.”

வெள்ளைச்சட்டைக்கு மானம் கப்பலேறிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு பெஞ்சின் விளிம்பைச் சுரண்டினார். அன்று வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டார்.

“தப்பா அனுப்பினதைச் சொன்னே, சரி. அந்த அஞ்சு நிமிஷத்தை யாரு கேட்டா? அது உனக்குள்ள நடந்தது. உன் பேர் என்ன ஆகும்னு யோசிச்சியா?”

“என் பேர் அங்கயேதான்பா இருக்கு. எங்கயும் ஓடிப்போகல.”

“முப்பத்தஞ்சு வருஷமா என் பேர்ல ஒரு சொல்லு கிடையாது, தெரியுமா?”

அவர் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “அவ சொன்னா உங்களுக்கு எங்க குத்துது?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மகள் வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடவே சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துத் தூங்கியும் விட்டாள். அவர் கதவருகே போய் நின்று பார்த்தார். லேசாகக் குறட்டை வேறு. தப்புச் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற ஜீவனை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. உள்ளுக்குள் அவருக்குப் பொறாமையாக இருந்தது. ஏனென்றால் அவர் மூடி வைத்திருந்த தப்பு ஒன்று இருபத்தெட்டு வருஷமாக அவரைத் தூங்கவிடவில்லை. அது அந்த மகள் சம்பந்தப்பட்டது.

அதைச் சொல்லுமுன் லிஃப்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லிஃப்டில் எந்த மாடிக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தாலும் வண்டி நகராது. எந்தக் கதவில் கோளாறு என்று கண்டுபிடிக்க, மெக்கானிக் மெஷின் அறையில் இருக்கிற கன்ட்ரோல் பெட்டியில் ஒரு துண்டு வயரைச் சொருகி, எல்லாக் கதவும் சாத்தியிருப்பதாக லிஃப்டை ஏமாற்றுவார். கோளாறு தெரிந்ததும் வயரைப் பிடுங்கிவிட வேண்டும். மறந்தால் ஏமாந்த லிஃப்ட் ஏமாந்தபடியே ஓடும். கதவு திறந்திருந்தாலும் கிளம்பிவிடும். ஒருவர் ஒரு காலை உள்ளே வைத்து ஒரு காலை வெளியே வைத்திருக்கும்போது கிளம்பினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய மறதி கிடையாது.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், ஐந்து மாடித் துணிக்கடை ஒன்றில் அவர் வயரைச் சொருகி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கடை போனுக்குச் செய்தி வந்தது: பெண் பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் நலம். பெட்டியைச் சாத்திவிட்டு நாலு நாலு படியாகத் தாவி இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நர்ஸ் துணியில் சுற்றின குழந்தையை நீட்டினாள். கையெல்லாம் வேர்வையாக இருக்கிறதே, துடைத்துக்கொண்டு வாங்கிக்கொள்வோம் என்று பாக்கெட்டில் கைக்குட்டைக்காகக் கையை விட்டார். வயர்த் துண்டுகள் விரலில் பட்டன. மூன்று இருக்க வேண்டும், இரண்டுதான் இருந்தன. முகத்தில் ரத்தம் வற்றிப்போயிற்று. குழந்தையைத் தொடாமல் திரும்பி ஓடினார்.

கட்டிலில் படுத்திருந்த மனைவி பார்த்தது இவ்வளவுதான்: நர்ஸ் பெண் குழந்தையை நீட்டினாள், புருஷன் முகம் செத்துப்போயிற்று, முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டார். மூன்று மணி நேரம் கழித்து வந்து, “அவசர வேலை” என்றார்.

கடையில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வயரைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். மனைவியிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுடைய அண்ணன் அப்போது அதே கம்பெனியில் ஆபீசில் இருந்தார். இவள் வாயிலிருந்து அவர் காதுக்குப் போனால் வேலை போகும். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டார். நாளை என்பது வருஷமாகி, அந்த மச்சான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் சொல்ல வாய் வரவில்லை. “பொண்ணுன்னு சொன்னதும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போன மனுஷன்தானே நீங்க” என்று மனைவி கோபம் வரும்போதெல்லாம் சொல்லிக் காட்டினாள். அவர் பேசாமல் கேட்டுக்கொண்டார். மகளும் அதைக் கேட்டுக்கொண்டேதான் வளர்ந்தாள். பதினாலு வயசில் ஒரு நாள் வந்து, “நான் பையனா பொறந்திருந்தா தூக்கியிருப்பியாப்பா?” என்று நேருக்கு நேராகக் கேட்டாள். “படிக்கிற வேலையைப் பாரு” என்றார். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

பெண் பிறந்ததில் மனம் சுருங்கினவன் என்ற பெயர் வந்தாலும் பரவாயில்லை, வயரை மறந்த மெக்கானிக் என்ற பெயர் வரக் கூடாது. இதைவிட முட்டாள்தனமான கணக்கை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவர் காலத்து ஆட்கள் பாதிப் பேர் இந்தக் கணக்கைத்தான் போட்டு வாழ்ந்தார்கள்.

இப்போது இந்த வாரத்துக்கு வருவோம். புதன்கிழமை, ஓய்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் நாலாவது மாடிக் கதவுக் கோளாறு என்று அவரை அனுப்பினார்கள்.

இந்த வேலைக்கென்று இப்போது கம்பெனியில் சிவப்பு வயர் கொடுக்கிறார்கள். இரண்டு முழத்துக்கு மேல் நீளம். சொருகியிருக்கும்போது கன்ட்ரோல் பெட்டியின் கதவைச் சாத்தவே முடியாது, வெளியே தொங்கிக்கொண்டு வழி மறிக்கும். மறதியை மனசில் வைத்தே நீளமாக வெட்டியது. அதுவும் மகளுடைய ஏற்பாடுதான். வெள்ளைச்சட்டை அதைக் கையால்கூடத் தொடமாட்டார். “வேலை தெரியாதவங்களுக்கு அது” என்று சொல்லிவிட்டு, பாக்கெட்டில் விரல் நீளத்துக்கு மூன்று கறுப்புத் துண்டுகளையே வைத்துக்கொண்டு திரிவார். முப்பத்தைந்து வருஷப் பழக்கம்.

மெஷின் அறையில் ஒரு கறுப்புத் துண்டைச் சொருகி, கோளாறைக் கண்டுபிடித்து, நாலாவது மாடிக்கு இறங்கிப்போய்க் கதவுப் பூட்டைச் சரிசெய்துவிட்டு, மறுபடி மேலே வந்தார். வயரைப் பிடுங்கக் கையை நீட்டும்போது போன் அடித்தது. விழாக் குழு. மேடை பேனருக்கு அவர் போட்டோ உடனே வேண்டுமாம். நேராகப் பார்த்தபடி, லேசாகச் சிரித்தபடி. மனிதர் அங்கேயே நின்று, மோட்டார் சத்தத்துக்கு நடுவே, கையை நீட்டி நீட்டித் தன்னைத்தானே பதினோரு போட்டோ எடுத்தார். ஒன்றில் நெற்றி மட்டும் விழுந்தது, ஒன்றில் கண் மூடியிருந்தது. பதினோராவது தேவலை. சட்டை பளிச்சென்று இருந்தது. அதை அனுப்பிவிட்டுப் பெட்டியைச் சாத்தினார், இறங்கி வந்தார்.

அன்றைக்கு அரை நாள் லீவு. வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, பேன்ட்டைத் துவைக்கப் போடலாம் என்று பாக்கெட்டைக் காலி செய்தார். மணி இரண்டு பத்து. டெஸ்டர், கைக்குட்டை, வயர் இரண்டு.

பாக்கெட்டை வெளியே இழுத்துப் பார்த்தார், பையைக் கவிழ்த்துப் பார்த்தார், இல்லாத இடத்திலெல்லாம் தேடினார். இருக்கிற இடம் அவருக்கு நன்றாகத் தெரியும். மனைவி அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தது ஒன்றுதான் ஆறுதல். சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினார். அந்தக் குடியிருப்பு ஊரின் அந்தக் கோடி. எதில் போனாலும் ஐம்பது நிமிஷம். போய் நைசாக மேலே ஏறி, வயரைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? மெஷின் அறைச் சாவியும் அவரிடமே இருந்தது.

பஸ் வரவில்லை. நின்று நின்று கால் கடுத்தது. ஸ்டாப்பில் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு சின்னப் பெண், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குச் சீக்கிரம் விட்டுவிட்டார்களாம். அவர் அவளையே பார்த்தார். எட்டு மாடியிலும் பிள்ளைகள் இருப்பார்கள். இந்நேரம் எல்லோரும் பையைச் சுமந்துகொண்டு லிஃப்ட் முன்னால் வந்து நிற்பார்கள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இரண்டு பத்திலிருந்து அவர் நினைத்தது என்னவெல்லாம்? டைப் அடித்த அந்த வரி, வெள்ளிக்கிழமை மேடை, மீசைக்காரரின் சிரிப்பு, மச்சான் முகம். நாலாவது மாடியில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. மகள் பலகை முன்னால் நின்று சொன்ன அந்த ஐந்து நிமிஷம் இதுதான். அவள் ஐந்தில் நிறுத்திக்கொண்டாள். இவருக்குப் பதினைந்து ஆகியிருந்தது. போன தடவை மூன்று மணி நேரம்.

வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. போனை எடுத்தார். புகார் மேசைக்குப் போட்டார்.

“வணக்கம், லிஃப்ட் சர்வீஸ். சொல்லுங்க” என்றாள் மகள்.

“பாப்பா…” என்றார். “ஒரு லிஃப்டை உடனே நிறுத்தணும். காலைல போன எட்டு மாடி. கன்ட்ரோல் பெட்டில வயர் விட்டுட்டு வந்துட்டேன்.”

மறுமுனையில் மூச்சு ஒன்று இழுபட்டது. அவ்வளவுதான். அடுத்த விநாடி அவள் இன்னொரு போனில் காவலாளியோடு பேசுவது இவருக்குக் கேட்டது. “அண்ணே, லிஃப்ட் இப்ப எந்த மாடியில இருக்கு? உள்ள ஆள் இருக்கா பாருங்க. இல்லையா? மெயினை இறக்கிடுங்க. ஒவ்வொரு மாடிலயும் கதவுக்கிட்ட யாரும் போகாம பாத்துக்கோங்க. எங்க ஆள் பத்து நிமிஷத்துல வருவாரு.” குரலில் ஒரு பிசிறு இல்லை. பஸ் ஸ்டாப்பில் நின்றபடி அவர் அந்தக் குரலைக் கேட்டார். அவ்வளவு பயத்திலும் அவருக்கு நெஞ்சு நிறைந்தது. நான் இந்த வயசில் இப்படி இருந்தேனா என்று நினைத்துப் பார்த்தார். இல்லை. எந்த வயசிலும் இருந்ததில்லை.

“நிறுத்தியாச்சு” என்றாள் அவள். “பதிவுக்காகக் கேக்கறேன். பேர் சொல்லுங்க.”

அவர் தன் முழுப் பெயரையும் இனிஷியலோடு சொன்னார். பெற்ற மகளிடம் பெயர் சொல்ல வேண்டியிருந்ததில் அவருக்கு ஏனோ கோபம் வரவில்லை.

“எத்தனை மணிக்குத் தெரிஞ்சுது?”

“ரெண்டு பத்து.”

“இப்ப ரெண்டு இருபத்தஞ்சு.”

“ஆமா.”

அவள் எழுதுகிற சத்தம் கேட்டது. “சொன்னதுக்கு நன்றி” என்றாள். அது எல்லா மெக்கானிக்குகளிடமும் அவள் சொல்கிற வார்த்தைதான். ஆனாலும் அவர் பஸ் ஸ்டாப் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்த பெண் குதிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

சாயங்காலம் மகள் வீட்டுக்கு வந்து எதையும் கேட்கவில்லை. சாப்பிடும்போது மட்டும், “நாளைக்குக் காலைல சொல்லிடுப்பா. நீ சொல்லலைன்னாலும் நான் எழுதித்தான் ஆகணும்” என்றாள்.

“என்ன சொல்லணும்?” என்று அவர் மனைவி கேட்டாள்.

“ஆபீஸ் விஷயம்” என்றார் அவர். சொல்லிவிட்டு, மகள் தன்னை ஒரு பார்வை பார்த்ததைக் கண்டு தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

வியாழக்கிழமை எட்டரை மணி. நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மகள் ஆரஞ்சு நிறப் பணிச்சட்டையில், புறங்கையில் கிரீஸ் கறையோடு, பேனாவுடன் பலகை பக்கத்தில் நின்றாள். வெள்ளைச்சட்டை எழுந்ததும் கசமுசா என்று இருந்த அறை கப்சிப் ஆனது. அவர் அந்தக் கூட்டத்தில் எழுந்து நிற்பது அதுதான் முதல் தடவை. மீசைக்காரர் சுவரிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். கறுப்பு வயர், சிவப்பு வயரைத் தொடாத திமிர், பஸ் ஸ்டாப்பில் போன பதினைந்து நிமிஷம், எதையும் விடவில்லை. மெயினை இறக்குவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் நாலாவது மாடியில் கதவு மூடுமுன் லிஃப்ட் கிளம்பி, ஒரு அம்மா தன் குழந்தையை வெளியே இழுத்துக்கொண்டாளாம். இதைக் காவலாளி சொன்னதாக மகள் பலகையில் சேர்த்து எழுதினாள்.

“காரணம்?” என்று கேட்டாள்.

“போட்டோ” என்றார். “மேடைல மாட்டறதுக்கு. பதினோரு போட்டோ.”

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மீசைக்காரர்கூட. முன் வரிசையில் ஒரு இளம் மெக்கானிக் பெண், “வயர் உள்ள இருக்கும்போது போனை எடுக்கக் கூடாதுன்னு போடலாமா?” என்றாள். நாலைந்து பேர் சரி என்றார்கள். அவ்வளவுதான், முடிந்தது. முப்பத்தைந்து வருஷம் இதற்கா பயந்தோம் என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

மேலாளர் நல்ல மனிதர், வயதில் சின்னவர். ஓய்வு பெறப்போகிறவரை இப்படி நிற்க வைத்தது அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். “பரவாயில்லங்க, உக்காருங்க. முப்பத்தஞ்சு வருஷத்துல இது ஒண்ணுதானே?” என்றார்.

அழகான வாசல், அகலமாகத் திறந்து வைத்திருந்தார். தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால் மேடையில் அந்த வரியைக் கொஞ்சம் மாற்றிப் படித்திருப்பார்கள். யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். வெள்ளைச்சட்டை உட்காரவில்லை. பலகையைப் பார்த்தார், பக்கத்தில் நிற்கிற மகளைப் பார்த்தார். சொல்லாமல் விட்டால் நாளைக்கும் சொல்லப்போவதில்லை என்று அவருக்கே தெரிந்தது.

“இல்லைங்க” என்றார். “இது ரெண்டாவது.”

மகள் பேனா மூடியைக் கழற்றினாள். முதல் வரிக்குக் கீழே இன்னொரு வரி போட்டாள்.

“இடம்?”

“அஞ்சு மாடித் துணிக்கடை. இப்ப அந்தக் கட்டடமே இல்ல.”

“தேதி?”

“ஜூலை பத்தொன்பது.”

அவள் எழுதினாள். பத்தொன்பது. ஜூலை. பேனா அங்கேயே நின்றது. வருஷத்தை அவர் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுதினாள். தன் பிறந்த வருஷத்தை எழுத அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“நேரம்?” என்றாள், பலகையைப் பார்த்தபடியே.

“காலைல பத்தரைக்கு வயரைச் சொருகினேன். ஒரு போன் வந்துச்சு. அப்படியே பெட்டியைச் சாத்திட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டேன். கைக்குட்டையை எடுக்கப் பாக்கெட்டுல கையை விட்டேன், வயர் ஒண்ணு குறைஞ்சுது. வந்த வேகத்துல திரும்பி ஓடினேன். மூணு மணி நேரம். அப்பவும் யாருக்கும் சொல்லல, அப்புறமும் சொல்லல. இருபத்தெட்டு வருஷம்.”

அவள் நடந்ததை எல்லாம் ஒழுங்காக எழுதினாள். எழுத்து மட்டும் மேலே ஏறி ஏறிப் போயிற்று.

“காரணம்?”

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது அன்றைக்குக் காலில் செருப்பு இருந்ததா என்றுகூட அவருக்கு ஞாபகமில்லை. வழியில் எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம், ‘பொண்ணு, பொண்ணு’ என்று சொல்லிக்கொண்டே ஓடினது ஞாபகமிருந்தது.

“சந்தோஷம்” என்றார்.

அவள் கட்டத்துக்குள் அந்த வார்த்தையை எழுதினாள். போட்டோ என்பதற்கு நேர் கீழே. எழுதிவிட்டும் திரும்பவில்லை. நாற்பது பேருக்கும் அவள் முதுகுதான் தெரிந்தது.

“கைக்குட்டை எதுக்கு எடுத்தீங்க?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பலகையில் கட்டம் கிடையாது.

“கையெல்லாம் வேர்வைம்மா. துடைச்சிக்கிட்டு உன்னை வாங்கிக்கலாம்னு.”

கடைசி வரிசையில் மீசைக்காரர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மேலாளர் ஜன்னல் பக்கம் பார்த்தார். மகள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். புறங்கைக் கிரீஸ் கன்னத்தில் நீளமாக ஒரு கோடு போட்டிருந்தது. அத்தனை பேர் முன்னாலும், வீட்டில் பேசுவதுபோலவே பேசினாள்.

“அம்மாகிட்ட நீ சொல்றியாப்பா, நான் சொல்லட்டுமா?”

“நானே சொல்றேன்மா” என்றார் அவர். சாயங்காலம் வரைக்கும் காத்திருக்காமல் அப்போதே போனை எடுத்தார்.